நேஷனல் பெர்மிட் லாரியின் ஃபைல்: ஒரு சின்ன வரலாறு

சென்ற கட்டுரையில் அஞ்சல் தலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் பெரிய விஷயம். பத்துச் சக்கரம் அளவுக்குப் பெரியது :-)

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது லாரித் தொழிலில் இருப்பார்கள். ஓட்டுநர், உரிமையாளர், பாடி கட்டுபவர், டயர் ரீட்ரேட் செய்பவர் என்று ஏதாவது ஒன்று. என் பெரியப்பா முப்பது வருடம் வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். இப்போது ஒரு லாரி செட்டில் உட்கார்ந்து, வெளிமாநிலம் கிளம்பும் வண்டிகளுக்கு ஃபைல் சரிபார்க்கிறார். செமஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஃபைலைப் புரட்டியபோதுதான், அதில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அப்புறம் நூலகத்தில் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபைலில் என்னென்ன இருக்கும் என்று பார்த்துவிடுவோம். ஆர்.சி. புத்தகம், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வரி கட்டிய ரசீது, நேஷனல் பெர்மிட், ஓட்டுநரின் லைசென்ஸ். இவை வண்டிக்கும் ஆளுக்கும் உரியவை. லோடுக்குத் தனியாக இன்வாய்ஸ், லாரி ரசீது, இ-வே பில். பாதி இப்போது செல்போனிலேயே காட்டலாம். ஆனாலும் பெரியப்பா தலைமுறை ஆட்களுக்கு ரெக்ஸின் ஃபைல் கையில் இருந்தால்தான் நிம்மதி.

முதல் காகிதம்: பெர்மிட்

இந்தியாவின் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அப்போது லாரி என்பதே அபூர்வம். முதல் உலகப் போருக்குப் பிறகு பேருந்தும் லாரியும் பெருகின. ரயில்வேக்கு வருமானம் குறைந்தது. ரயில்வேயில் அரசாங்கத்தின் பணம் கோடிக்கணக்கில் முடங்கியிருந்ததால் இந்தப் போட்டியை ஆராய மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகளை நியமித்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1933-ல் வெளிவந்தது. அந்த வழியில் வந்ததுதான் 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

இன்று நாம் பெர்மிட் என்றால் பாதுகாப்புக்காகக் கொடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். 1939-ல் அதற்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: ரயிலோடு லாரி அளவுக்கு மீறிப் போட்டி போடாமல் பார்த்துக்கொள்வது. எந்த வண்டி எந்தப் பகுதிக்குள் ஓடலாம் என்று பெர்மிட்டில் எழுதியிருக்கும். பக்கத்து மாநிலத்துக்குள் நுழைய வேண்டுமானால் அந்த மாநில அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் இதே நிலைதான். சரக்கு பெருகியது, ரயிலால் எல்லாவற்றையும் சுமக்க முடியவில்லை. 1959-ல் எம்.ஆர். மசானி தலைமையிலான குழு சாலைப் போக்குவரத்தின் கட்டுகளைத் தளர்த்தச் சொன்னது. பிறகு பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் சேர்ந்து மண்டல பெர்மிட் கொடுக்க ஆரம்பித்தன. 1975-ல் தான் நேஷனல் பெர்மிட் வந்தது.

பெயர்தான் நேஷனல். நடைமுறையில் எந்தெந்த மாநிலம் வேண்டுமோ அதற்கெல்லாம் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். 1988-ம் ஆண்டுச் சட்டமும் சொந்த மாநிலத்தையும் சேர்த்துக் குறைந்தது நான்கு மாநிலங்கள் என்றுதான் கணக்கு வைத்தது. 2010 மே மாதம்தான் இது மாறியது. மாநிலத்துக்கு 5,000 ரூபாய் என்று இருந்த முறை போய், ஆண்டுக்கு ஒரே தொகையாக 15,000 ரூபாய் கட்டினால் நாடு முழுக்கப் போகலாம் என்று ஆனது. 2012-ல் அது 16,500 ஆனது. நாமக்கல்லில் இருந்து டில்லி வரை 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போனால் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், அரியானா என்று ஒன்பது மாநிலங்களைத் தொட வேண்டும். பழைய முறையில் இந்தச் செலவு என்னவாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காகிதம்: வரி

பெர்மிட் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு எல்லையிலும் விற்பனை வரிச் சோதனைச் சாவடி. சில ஊர்களில் நகர எல்லையிலேயே ஆக்ட்ராய் வசூல். கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் இருக்கும் வாளையார் சாவடியை அந்தக் காலத்து ஓட்டுநர் யாரிடம் கேட்டாலும் ஒரு பெருமூச்சு வரும். கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் வரிசையில் நிற்கும். வண்டிக்கு அடியிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வரிசை நகரும்போது வண்டியை ஒரு வண்டி தூரம் தள்ளி நிறுத்துவார்களாம்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. வந்த சில நாட்களிலேயே 22 மாநிலங்கள் எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்டன. அதற்குப் பதிலாக வந்தது இ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இது கட்டாயம். இதில் ஒரு காலக்கெடு உண்டு. முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கொடுத்தார்கள். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். 2021 பிப்ரவரியில் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் அங்கே நிற்கும் நேரமும் குறைந்தது.

மூன்றாவது காகிதம்: எடை

அடுத்தது எடைமேடைச் சீட்டு. ஒவ்வொரு ஆக்சிலும் எவ்வளவு எடை இறங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும், சாலையும் பாலமும் நாசமாகும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் சில மாநில அரசுகளே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அதிக பாரத்தோடு ஓட கார்டும் டோக்கனும் கொடுத்துக்கொண்டிருந்தன! அபராதத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிட்டுத் தவறு செய்வது மாதிரி. உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில்தான் இதெல்லாம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதிகப்படியான பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்றும் சொன்னது.

2018 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட எடையையே உயர்த்தினார்கள். பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 25 டன் என்பது 28.5 டன் ஆனது. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். முன்பு அடிப்படை அபராதம் 2,000 ரூபாயாகத்தான் இருந்தது.

ஆக, வண்டிக்குப் பெர்மிட், சரக்குக்கு இ-வே பில், எடைக்குச் சீட்டு. எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. ஃபைலை மூடிவிட்டு நான் பெரியப்பாவிடம், "எல்லாம் இருக்குதுங்களா பெரியப்பா, இனி கிளம்பலாங்களா?" என்று கேட்டேன்.

"டைவர் தூங்குனானான்னு எந்தப் பேப்பர்ல கண்ணு இருக்குது?" என்றார்.

நான்காவது காகிதம்: அது இல்லை

பெரியப்பா இதைச் சும்மா சொல்லவில்லை. 2019-ல் கரூரில் போர்வை லோடு ஏற்றிக்கொண்டு டில்லிக்குத் தனியாகப் போனார். ஆதிலாபாத் தாண்டி, விடியற்காலை மூன்றரை மணி. சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதிவிட்டார். பிரேக் அடித்த நினைவே இல்லை என்கிறார். உயிர் தப்பியது. இடது காலில் இன்னும் கம்பி இருக்கிறது. கிளட்ச் மிதிக்கும் கால் என்பதால் அதோடு ஓட்டும் வாழ்க்கை முடிந்துவிட்டது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஃபைலைத்தான் கேட்டார்கள். லைசென்ஸ் சரி, எஃப்.சி. சரி, இன்சூரன்ஸ் சரி, எடை சரி, இ-வே பில் நாள் முடியவில்லை. கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதற்குச் சட்டமே இல்லையா என்று தேடினேன். இருக்கிறது! அதுவும் ரொம்பப் பழைய சட்டம். ரயில்வேக்குத் துணையாக வந்த அதே 1939 சட்டத்தில், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேலோ ஓட்ட வைக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்து, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று குறைத்தது. நெடுந்தூரத் தடங்களுக்கு மட்டும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை விட்டுக்கொடுத்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்கு மேலோ அல்லது ஐந்து பேரோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான். எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் ஆட்கள்தான். பல பேர் தங்கள் வண்டியைத் தாங்களே ஓட்டுகிறார்கள். அவர்களிடம் பதிவேடு கேட்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். 1988 சட்டத்தின் 91-வது பிரிவு, சரக்கு வாகனம் ஓட்டும் யாராக இருந்தாலும் அந்த 1961 சட்டத்தின் நேரம்தான் பொருந்தும் என்று சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் சாலையில் நிறுத்திச் சோதிக்கும்போது எதைப் பார்த்து அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு காகிதமும் ஃபைலில் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1961 சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. எட்டு மணி நேரம் என்ற அளவு அதிலும் இருக்கிறது.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது வேறொரு விதி. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், நேஷனல் பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இன்னொருவர் கால் நீட்டிப் படுக்க வண்டியின் முழு அகலத்துக்கு ஒரு இருக்கை வேண்டும் என்று இருந்தது. ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க. இரவு லாரியின் கேபினில் பின்பக்கம் ஒரு படுக்கையைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். தூக்கத்தைப் பற்றி நம் லாரிச் சட்டத்தில் இருந்த ஒரே உருப்படியான ஏற்பாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

2018 நவம்பரில் இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. காரணம் இல்லாமல் இல்லை. ஆள் கிடைப்பதில்லை. படித்த பையன்கள் ஸ்டியரிங் பிடிக்க வருவதில்லை. கிளீனராகச் சேர்ந்து, தொழில் பழகி, ஓட்டுநராகும் பழைய வழக்கமும் தேய்ந்துவிட்டது. பெரியப்பா சொல்வதைப் பார்த்தால், விதி இருந்த காலத்திலேயே பல வண்டிகளில் இரண்டாவது ஓட்டுநர் காகிதத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறார். பொய்யாகிப்போன விதியை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அதற்குப் பதிலாக வேறு எதையும் வைக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது நாமே ஒரு பயணத்தைத் திட்டமிட்டுப் பார்ப்போம். நாமக்கல்லில் இருந்து டில்லி சுமார் 2,400 கிலோமீட்டர். லோடு வண்டிக்கு டோல்கேட், ஏற்றம், ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மணி நேர ஓட்டம்.

ஒரே ஓட்டுநர், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் ஏழரை நாள். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பும் இருப்பதால் நடுவில் ஒரு ஓய்வு நாள் விட்டால் எட்டரை. பத்து மணி நேரம் ஓட்டினால் ஆறு நாள். ஆனால் அங்கே 54 மணி வரம்பு தடுக்கும், ஆகவே எட்டாவது நாளில்தான் போய்ச் சேர முடியும். இ-வே பில் தரும் அவகாசம்? 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் 12 நாள். அதாவது வரி இலாகாவுக்கு ஒரு அவசரமும் இல்லை.

சரக்குக்காரர் எத்தனை நாள் கேட்பார் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "நாலு நாள்" என்றார் உடனே.

நாலு நாளில் 60 மணி நேரம் ஓட்ட வேண்டுமானால் நாளைக்கு 15 மணி நேரம். மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஏழரை மணி நேரம்தான். சட்டத்துக்கும் சரி, உடம்புக்கும் சரி, கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு ஆட்களை வைத்து ஓடிய காலத்தின் நாள் கணக்கு அப்படியே நிற்கிறது, ஆள் மட்டும் ஒன்றாகிவிட்டது. கணக்கைப் போட்டு முடித்ததும் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

15 மணி நேரம் ஓட்டியபின் ஏற்றி இறக்குவது, சாப்பிடுவது, கட்டுக்கயிறு சரிபார்ப்பது போக ஐந்தாறு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் கண்-கை ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியாவில் குடித்துவிட்டு ஓட்டினார் என்று வழக்குப் போட 0.03 சதவீதம் தாண்டினாலே போதும். குடித்தவரைப் பிடிக்க ஊதும் கருவி இருக்கிறது. தூங்காதவரைப் பிடிக்க அப்படி எதுவும் நம் சாலையில் இல்லை.

மற்ற நாடுகளில் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் லாரிக்குள் டாக்கோகிராஃப் என்ற கருவி ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் 1930களின் கடைசியிலேயே நேர விதி வந்து, ஓட்டுநர்கள் நோட்டில் எழுதிவந்தார்கள். நோட்டில் பொய் எழுதுவது சுலபம் என்பதால் 2017 டிசம்பரில் மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில், விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் நேரம் நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். 2025 முதல் புதிய கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. வெயிலில் வெந்துகொண்டு ஓட்டியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான்.

என்னுடைய எண்ணம் இதுதான். நூறு வருடச் சட்ட வரலாற்றில் முதலில் ரயிலுக்காக லாரியைக் கண்காணித்தோம், பிறகு வரிக்காகச் சரக்கைக் கண்காணித்தோம், சாலைக்காக எடையைக் கண்காணித்தோம். இவை எதுவும் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதமோ, சாவடியோ, கருவியோ செய்துகொண்டோம். ஓட்டுநரின் நேரத்துக்கு மட்டும் 1939 முதல் வெறும் எண்தான் இருக்கிறது. இன்று ஃபாஸ்டேக் ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டி கடந்த நேரத்தைப் பதிவு செய்கிறது. வண்டி எத்தனை மணி நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்பதை அதை வைத்தே ஓரளவு சொல்லிவிட முடியும். பணம் எடுக்கத் தெரிந்த கருவிக்கு இதுவும் தெரியாதா என்ன?

அன்று சாயங்காலம் நாக்பூர் லோடுக்கு ஒரு பையன் ஃபைலோடு வந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன் இருப்பான். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். எல்லாம் சரி. ஃபைலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நேத்து எத்தன மணிக்குப் படுத்தே சாமி?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். "போயி உள்ள மூணு மணி நேரம் படுத்துட்டு வா. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்" என்று ஃபைலை மேசை டிராயரில் வைத்துவிட்டார். அவன் முணுமுணுத்துக்கொண்டேதான் போனான். ஆனால் போய்ப் படுத்தான். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது குறட்டைச் சத்தம் கேட்டது.

நம் வகுப்பிலேயே லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். உங்கள் அப்பா, மாமா, சித்தப்பாவிடம் டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் கணக்கில் தவறு இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அடுத்த கட்டுரை தேர்வு முடிந்த பிறகுதான்!